கைபேசியை எடுத்து வைத்த பிறகு

சதுரங்கத்தைத் தொழில்நுட்பம் வளர்க்கிறதா என்று மயிலாப்பூர் நண்பர்களிடையே எழுந்த விவாதத்தில் என் கருத்தையும் பதிவு செய்கிறேன். 1997இல் டீப் ப்ளூ கணினி உலக வாகையர் காஸ்பரோவை வென்றபோது ஆட்டமே முடிந்துவிட்டதாகப் பலர் அஞ்சினர். இன்றோ சென்னைச் சிறுவன் வீட்டிலிருந்தபடியே உலகின் எந்த மூலையில் உள்ளவரோடும் மோத முடிகிறது, அது பெரும் பேறு. ஆனால் சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் சதுரங்க எந்திரத்தை, அதாவது அந்தக் கணினி நிரலை, எப்போது கையில் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். 2024இல், 18 வயதிலேயே உலக வாகையரான நம் குகேஷை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் எந்திரத்தின் துணையின்றியே பழக்கினார்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரையைப் பார்க்கும் என் அண்ணன் மகனிடமிருந்து நேற்று கைபேசியை வாங்கி வைத்துவிட்டு மரப்பலகையை விரித்தேன். குதிரையின் பிடரியை விரலால் தடவியபடி வெகுநேரம் யோசித்தவன், யானையைப் பலி கொடுத்து என் ராஜாவை மடக்கினான்.