"சார்ஜர் வரவில்லை" என்று வாங்கியவர் எழுதினால்

பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் கூட வரவேண்டிய ஒன்று இல்லை என்கிறார் வாங்கியவர். அது சார்ஜராக இருக்கலாம், லென்ஸ் மூடியாக இருக்கலாம், ரிமோட்டாகவோ தையல் மிஷினின் பாதமாகவோ இருக்கலாம். செகண்ட் ஹேண்ட் பொருள் விற்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார் இது. இரண்டு பேருமே உண்மையைச் சொல்லிக்கொண்டு சண்டை போடக்கூடிய விஷயமும் இதுதான். விற்றவர் வைத்ததாக மனதார நம்புவார், வாங்கியவர் கண்ணில் அது பட்டிருக்காது. அதனால் முதல் பதிலில் "நான் வைத்துத்தான் அனுப்பினேன்" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரி வாங்கியவரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறது. அதன் பிறகு அவர் தேடமாட்டார், விற்பனைத் தளத்தில் நேரே கேஸ், அதாவது முறைப்படியான புகார், போடுவார்.

பதில் எழுதுவதற்கு முன் உங்கள் விளம்பரத்தைத் திறந்து, வாங்குபவரின் கண்ணால் ஒருமுறை படியுங்கள். கேள்வி ஒன்றுதான்: அந்தத் துணைப்பொருள் வரும் என்று எழுத்திலோ படத்திலோ எங்காவது தெரிகிறதா? படமும் வாக்குதான். கேமராவை அழகாகக் காட்ட ஸ்ட்ராப்பும் பையும் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, கீழே "கேமரா பாடி மட்டும்" என்று எழுதினால் வாங்கியவர் படத்தைத்தான் நம்புவார். பெரும்பாலான விற்பனைத் தளங்களும் அவர் பக்கமே நிற்கும். "பாக்ஸுடன் முழு செட்" என்ற சொல் இன்னும் ஆபத்தானது. முழு செட் என்றால் உங்களுக்கு உங்களிடம் இருந்தது எல்லாம். வாங்கியவருக்கோ கம்பெனி முதலில் பெட்டியில் வைத்தது எல்லாம்.

இந்த இடத்தில்தான் பல புகார்கள் பிறக்கின்றன. நிக்கான் ஏஎஃப்-எஸ் 50 மிமீ எஃப்/1.8ஜி லென்ஸுடன் எச்பி-47 ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்பு) பெட்டியிலேயே வரும். கேனான் இஎஃப் 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு இஎஸ்-68 ஹூட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றைப் பழகியவர் மற்றதை வாங்கும்போது "ஹூட் எங்கே?" என்று கேட்பது இயல்பு. ஐபோனிலும் இதே கதை. 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்ததிலிருந்து பெரும்பாலான நாடுகளில் பெட்டியில் சார்ஜர் கிடையாது, கேபிள் மட்டும்தான். இப்படிப்பட்ட பொருளில் கம்பெனியே தராத ஒன்றைக் கேட்கிறார் என்றால், தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள "பெட்டியில் என்னென்ன" பட்டியலின் இணைப்பைப் பணிவாக அனுப்புங்கள். பாதிப் பேர் அங்கேயே ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் விளம்பரத்தில் அந்தப் பொருள் இருந்திருந்தால் மட்டும் கம்பெனிப் பட்டியல் உதவாது. நீங்கள் சொன்னதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அடுத்தது தேடுவது, அதுவும் இரண்டு பக்கமும். முதலில் உங்கள் வீட்டில். சார்ஜர் சுவர் சாக்கெட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கூடுதல் பேட்டரி அந்தச் சார்ஜரிலேயே மாட்டியிருக்கும். கேமராவை டிரைபாடில் பொருத்தும் தட்டு உங்கள் வேறொரு கேமராவின் அடியில் திருகியபடி இருக்கும், இது மிக மிகச் சாதாரணமாக நடப்பது. ரிமோட் மேசை இழுப்பறையில் கிடக்கும். இந்த நான்கு இடங்களையும் பார்க்காமல் பதில் எழுதுவது அவசரம்.

வாங்கியவர் பக்கத்தில், பொருள் பெரும்பாலும் பெட்டிக்குள்ளோ அல்லது பொருளின் மேலேயே ஒட்டிக்கொண்டோ இருக்கும். லென்ஸ் ஹூட்டைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸின் மேலேயே மாட்டி அனுப்புவது வழக்கம். புதிதாக வாங்குபவருக்கு அது லென்ஸின் ஒரு பகுதியாகத்தான் தெரியும். வயர்லெஸ் மவுஸின் குட்டி யூஎஸ்பி ரிசீவர் பேட்டரி அறைக்குள் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். தையல் மிஷினின் முன்பக்க மேசைத்துண்டு இடப்பக்கமாக இழுத்தால் கழன்றுவரும், பாபின்களும் பாதங்களும் அதன் உள்ளே. ஜிக்சாவின் அல்லன் கீ பல மாடல்களில் மிஷினிலேயே ஒரு கிளிப்பில் செருகியிருக்கும், டிரில்லின் சக் சாவி ஒயரில் மாட்டியிருக்கும். பிரிண்டரின் பவர் கேபிளைப் பேப்பர் டிரேக்குள் வைத்து அனுப்பியிருப்பார்கள். போனின் சிம் ஊசி பெட்டி மூடிக்குள் இருக்கும் காகித உறையில் இருக்கும். இவை போக, கசக்கிய காகிதத்துக்குள்ளும் பபிள் ராப் மடிப்பிலும் அட்டைப்பெட்டியின் அடி மடிப்புக்குக் கீழும் சின்னப் பொருள் போய் ஒளிந்துகொள்ளும்.

அதனால் முதல் செய்தி இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். சார்ஜர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், சிரமத்துக்கு வருந்துகிறேன். என் பக்கமும் இப்போதே தேடுகிறேன். பெட்டியையும் உள்ளே இருந்த காகிதத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பெட்டியின் அடி மடிப்பையும் பபிள் ராப்பையும் ஒருமுறை பிரித்துப் பார்க்க முடியுமா? பெட்டியின் நான்கு பக்கமும் டேப்பும் தெரிகிற மாதிரி இரண்டு படம் அனுப்பினால் உதவியாக இருக்கும். கிடைக்காவிட்டால் நாளைக்குள் இதற்கு ஒரு வழி சொல்கிறேன்."

இதில் குற்றம் சாட்டல் இல்லை, ஒப்புக்கொள்ளலும் இல்லை. பெட்டியைக் காப்பாற்றச் சொல்லியாகிவிட்டது, கெடுவும் கொடுத்தாகிவிட்டது. இதைப் போனில் பேசாமல் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். பின்னால் கேஸ் ஆனால் தளத்தின் ஆட்கள் படிப்பது அதை மட்டுமே.

டேப் படம் கேட்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஒட்டாத நிறத்தில் இரண்டாவது டேப் இருந்தாலோ, வெட்டிய கோடு மேல் புதிதாக ஒட்டியிருந்தாலோ, வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள். அப்போது இது கூரியருக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம். புகார் கொடுக்கும் கெடு கூரியருக்குக் கூரியர் மாறும், பெரும்பாலும் குறைவான நாள்களே. அட்டைப்பெட்டியை வைத்திருக்காவிட்டால் புகாரே எடுபடாது. கூரியர் பணம் தரும்வரை வாங்கியவரைக் காக்கவைக்காதீர்கள், அவருக்கு உரியதை முதலில் கொடுத்துவிட்டு நீங்கள் தனியாகப் போராடுங்கள்.

எடை ஒரு நல்ல சாட்சி, சரியாகப் பயன்படுத்தினால். ரசீதில் இருக்கும் எடையை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் அடுத்த கட்டணப் படிக்கு உயர்த்தி எழுதப்பட்டது. ஒட்டிய பிறகு சமையலறைத் தராசில் நீங்களே நிறுத்து வைத்த எடைதான் பேசும். கேனானின் எல்பி-ஈ6என் பேட்டரி சுமார் 80 கிராம். அனுப்பும்போது பார்சல் 1,420 கிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் பொருள், காகிதம், பபிள் ராப், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தும் 1,420-ஐ ஒட்டியே வந்தால் பேட்டரி இன்னும் அந்தக் குவியலில்தான் இருக்கிறது, அல்லது நீங்கள் அதை வைக்கவே இல்லை. 1,340 பக்கம் வந்தால் ஒட்டிய பிறகு அது வெளியே போயிருக்கிறது. இரண்டு தராசுகளுக்கு இடையே 5, 10 கிராம் வித்தியாசம் வரும். ஆகவே லென்ஸின் பின்மூடி போன்ற இலேசான பொருளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் மூன்று வழிதான்: அனுப்புவது, அதன் மதிப்பைத் திருப்பிக் கொடுப்பது, முழுப் பொருளையும் திரும்ப வாங்கிக்கொள்வது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். விடுபட்ட பொருளின் பழைய விலை, முழுப் பார்சலை ஒருமுறை அனுப்பும் செலவைவிடக் குறைவு என்றால் யார் மேல் தவறு என்று ஆராய்வதே வீண். அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். "விவரித்தபடி இல்லை" என்று ரிட்டர்ன் போட்டால் பெரும்பாலான தளங்களில் திரும்பி வரும் தபால் செலவும் விற்றவர் தலையில்தான் விழும்.

எவ்வளவு கொடுப்பது? அந்தத் துணைப்பொருள் பழையதாகத் தனியே என்ன விலைக்குப் போகிறது என்பதே அடிப்படை. விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். இரண்டு இடங்களில் இந்த அளவு பொருந்தாது. பழையது சந்தையில் கிடைக்கவே இல்லை என்றால் புதியதன் விலையைத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பொருள் இல்லாமல் மெயின் பொருளே ஓடாது என்றாலும் அப்படித்தான். கார்ட்லெஸ் டிரில்லைச் சார்ஜர் இல்லாமல் என்ன செய்வார்? மாற்றுக் கம்பெனிச் சார்ஜரின் விலையை வைத்துப் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரிஜினல் என்று எழுதி விற்றிருந்தால் ஒரிஜினலுக்குத்தான் கணக்கு.

பொருள் உங்கள் வீட்டில் கிடைத்துவிட்டது என்றால் அனுப்புவதே நல்லது, டிராக்கிங் நம்பரோடு. லித்தியம் பேட்டரி மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஆபத்தான சரக்குகளுக்குத் தரப்படும் எண்களில், கருவிக்கு உள்ளேயோ கருவியோடு சேர்த்தோ போகும்போது அது யுஎன் 3481. தனியாகப் போகும்போது அதே பேட்டரி யுஎன் 3480 ஆகிவிடுகிறது. 2016 ஏப்ரல் 1 முதல், தனி லித்தியம்-அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை. சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 7.2 வோல்ட், 1865 எம்ஏஎச் கேமரா பேட்டரி என்றால் பெருக்கிப் பார்த்தால் சுமார் 13.4 வாட்-மணிதான், சின்னப் பேட்டரி என்று விதிகள் கருதும் 100 வாட்-மணி எல்லைக்கு மிகக் கீழே. தனியாகப் போகும்போது அந்தச் சின்னப் பேட்டரிக்கும் இதே தடைதான். பல தபால் துறைகள் உதிரி பேட்டரியை வாங்கவே மாட்டார்கள். "உதிரி பாகம்" என்று மட்டும் எழுதி மறைத்து அனுப்புவது தீ விபத்துக்கு வழி, செய்யவே கூடாது. பேட்டரி விடுபட்டிருந்தால் வாங்கியவர் தன் ஊரிலேயே வாங்கிக்கொள்ளப் பணம் கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும். தரைவழியில் எடுத்துப்போகும் கூரியர் இருந்து, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும், முனைகளில் டேப் ஒட்டி அனுப்பலாம்.

கடையில் மாற்று வாங்கி நேரே அவர் முகவரிக்கு அனுப்புவதானால் அடாப்டரில் மூன்று விஷயம் பாருங்கள். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக்கூடாது. மூன்றாவது பின்னின் துருவம், இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான சாதனங்களில் நடுப்பின் பாசிட்டிவ், கிதார் பெடல்களிலோ 9 வோல்ட்டில் நடுப்பின் நெகட்டிவ் என்பதுதான் வழக்கம். இரண்டுக்கும் ஒரே அளவு பின் பொருந்தும், மாற்றி மாட்டினால் சர்க்யூட் போய்விடலாம். அப்புறம் நீங்கள் தீர்க்க வேண்டியது சார்ஜர் தகராறு இல்லை. லேப்டாப்பில் வாட் குறைந்த அடாப்டர் போட்டால் எரியாது, ஆனால் பல மாடல்கள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் அல்லது ஏற்றவே மறுக்கும். டிரைபாட் தட்டிலும் இதே கவனம் வேண்டும். ஆர்கா வகைத் தட்டு, வேறு வகைத் தட்டுக்கான மான்ஃப்ரோட்டோ ஆர்சி2 டிரைபாட் தலையில் உட்காராது.

பணம் கொடுக்கும்போது வழியைப் பாருங்கள். கேஸ் திறந்திருந்தால் அந்தக் கேஸுக்குள் இருக்கும் பகுதி ரீஃபண்ட் பொத்தானிலேயே கொடுங்கள். தனியாக வங்கிக்கு அனுப்பினால் கேஸ் மூடாது. தளத்தின் கண்ணில் நீங்கள் ஒன்றும் தரவில்லை, பிறகு முழுத் தொகையையும் எடுத்துவிடுவார்கள். ஈபேயில் பொருள் சேர்ந்த 30 நாளுக்குள் வாங்கியவர் புகார் போடலாம், விற்றவர் 3 வேலை நாளுக்குள் வழி சொல்ல வேண்டும். அது தாண்டினால் வாங்கியவர் தளத்தையே தலையிடச் சொல்லலாம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்வரை தகராறு திறக்கலாம். திறந்த 20 நாளுக்குள் அதை உரிமைக்கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானே மூடிவிடும், மறுபடி திறக்க முடியாது. வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை: விற்றவர் "கேஸை மூடுங்கள், அனுப்புகிறேன்" என்று சொன்னால் பொருளோ பணமோ கைக்கு வந்தபிறகே மூடுங்கள். விற்றவராக இருந்து அப்படிக் கேட்காதீர்கள், கேட்பதே சந்தேகத்தைக் கிளப்பும்.

அடுத்த பார்சலுக்கு: ஒரு துணியில் எல்லாத் துணைப்பொருள்களையும் பரப்பி, சீரியல் நம்பர் தெரிய ஒரு படம். பெட்டிக்குள் வைத்து மூடுமுன் ஒரு படம். ஒட்டிய பிறகு தராசில் ஒரு படம். சின்னப் பொருள்களை எல்லாம் ஒரே கவரில் போட்டு, கவரைப் பொருளோடு டேப்பால் இணையுங்கள். "இதில் 5 பொருள்" என்று துண்டுச்சீட்டில் பெயர்களோடு எழுதி மேலே வையுங்கள், வாங்கியவர் எண்ணித் தேடுவார். விளம்பரத்தில் "படத்தில் உள்ளவை மட்டும்" என்று நிறுத்தாமல், வராதவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: "ஹூட் இல்லை, பின்மூடி உண்டு."

சில நேரம் பணம் கொடுத்து இரண்டு வாரம் கழித்து அந்தச் சார்ஜர் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து கிடைக்கும். வாங்கியவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் இன்னும் வேறு வாங்கவில்லை, இது வேண்டும் என்றால், கொடுத்த தொகையில் தபால் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை அவர் அனுப்பட்டும், நீங்கள் பொருளை அனுப்புங்கள். அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் சார்ஜர் உங்களுடையது, கணக்கு முடிந்தது.