அத்தையின் கழுத்தில் ஒரு பட்டன்

போன மாதம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 76, தண்டையார்பேட்டையில் தனியாக இருக்கிறார். பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை யாருக்கும் தெரியவில்லை. போன் கட்டில் மேல் கிடந்திருக்கிறது. நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

பெரம்பூருக்கு எங்களோடு வரச் சொன்னேன். "இந்தத் தெருவை விட்டு எங்கேடா வருவேன்?" என்றார். சரி, அங்கேயே பத்திரமாக இருக்க வழி பார்ப்போம் என்று இறங்கினேன்.

கேமரா வேண்டவே வேண்டாம் என்றார், நியாயம்தான். குளியலறைக்குப் போகும் வழியில் அசைவை உணரும் சென்சார் வைத்தோம். உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரின் மாற்றத்தை மட்டும்தான் அது கவனிக்கும், படம் எடுக்காது. காலை 7 மணிவரை அசைவே இல்லையென்றால் எனக்கும் மாடிவீட்டு அக்காவுக்கும் தகவல் வரும். அப்புறம், ஆபத்தென்றால் அழுத்தி உதவிக்குக் கூப்பிட, கழுத்தில் தண்ணீர் புகாத பட்டன். குளிக்கும்போதும் கழற்றக் கூடாது, ஈரத்தரையில்தானே வழுக்குகிறது!

கரண்ட் போய் வைஃபையும் நின்றால் எல்லாமே ஊமை. ரூட்டருக்குச் சின்ன யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் பேசிவையுங்கள். 108 வண்டி வந்து நின்றாலும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் என்ன செய்வது? நாங்கள் அதைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு மாட்டினோம். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567ஐயும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.