தூக்கிக் கடத்திய சைக்கிள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அப்போது நான் வேதாரண்யம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். விடிந்து பார்த்தால் தென்னையும் மாவும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. செல்போனில் சிக்னல் இல்லை. என் நோட்டில் நிறைமாதக் கர்ப்பிணிகள் மூன்று பேர்.

ஸ்கூட்டியில் பெட்ரோல் இருந்தும் முதல் மரத்தைத் தாண்ட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளோடு வந்தான். "வாங்க நர்சம்மா, போய்ப் பாத்துடலாம்" என்றான். மரம் குறுக்கே கிடந்த இடமெல்லாம் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது வீட்டில் வலி தொடங்கியிருந்தது. நான் அங்கேயே இருந்துகொண்டு பையனைத் திருப்பி அனுப்பினேன். மெயின் ரோட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் அவன் விஷயத்தைச் சொல்ல, அவர்கள் அந்தத் தெருவை முதலில் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. அன்று அந்தச் சைக்கிள் சுமந்ததிலேயே பெரிய சுமை அந்தச் செய்திதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் டயர் போய்விட்டது. பறந்து வந்த தகரங்களின் ஆணி, போதாததற்குக் கருவேல முள். ஊரில் ஒரு பம்ப் கிடைக்கவில்லை, சைக்கிள் கடைக்கே கூரை இல்லை. பிரஷர் மாத்திரைக்காகக் காத்திருந்த பெரியவர்களிடம் ஒரு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அது எனக்கு இன்னும் உறுத்தல்.

அதனால் ஒவ்வொரு வருடமும் அக்டோபருக்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் இதையே பிடிவாதமாகப் பேசுவேன். தெருவுக்கு இரண்டு சைக்கிள், ஓட்டத் தெரிந்த இரண்டு பேர். பம்ப், பஞ்சர் ஒட்டு, சொல்யூஷன், கேரியரில் கட்டக் கயிறு. அப்புறம் கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், தினமும் மாத்திரை எடுப்பவர்கள் பட்டியல், காகிதத்தில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டது. போனில் மட்டும் இருக்கிற பட்டியல் சார்ஜ் தீர்ந்ததும் போய்விடும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லையே!

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். சைக்கிளைத் தங்கை ஓட்டுகிறாள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தாயிற்று. போன வாரம் பார்த்தபோது பின்பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. மழைக்கு முன் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.