கொழிஞ்சாம்பாறைக் காற்றில் செந்நிறப் புல்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், சித்தூர் தாலுகாவின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் கொழிஞ்சாம்பாறை. கேரளத்துக்குப் பேர் வாங்கித் தந்த மழை இங்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். காற்றுக்கு மட்டும் குறைவில்லை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் அது வீசிக்கொண்டே இருக்கும். இந்த மண்ணில் குரோட்டன்ஸுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றி அலுத்த பிறகு, வாசலோரம் பர்ப்பிள் ஃபவுண்டன் கிராஸ் என்ற செந்நிற அழகுப் புல்லை நட்டேன். “என்னங் கண்ணு, காசு குடுத்தா புல்லு வாங்கியாந்தீங்க?” என்று பக்கத்துத் தோட்டத்து அம்மா கேட்டார். வாழ்நாளெல்லாம் களை வெட்டியவர் கேட்கும் நியாயமான கேள்விதான்.

இந்தப் புல்லும் நம் கம்பும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இடுப்பளவு வளரும் தூரிலிருந்து கருஞ்சிவப்பு இலைகள் வளைந்து இறங்க, அவற்றுக்கு மேலே நரிவால் போன்ற கதிர்கள் தலை சாய்த்து நிற்கும். புதுக்கதிரின் மயிரிழைகள் ஊதா கலந்த சிவப்பாக இருந்து, முற்றும்போது வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கும். கம்பு, சோளம் போலவே இதுவும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்வதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலேயே வேண்டிய கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்கிறது. வெயிலில் தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் சூட்சுமம் அதுதான்.

ஆனால் வறட்சியைத் தாங்கும் என்பது வேர் இறங்கிய பிறகுதான் பொருந்தும். முதல் கோடை முடியும்வரை, மேல்மண் காய்ந்ததும் வேர்வரை நனையும்படி தண்ணீர் விட வேண்டும்; பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். எங்கள் பக்கத்துக் கரிசல் மண் ஐப்பசி மழையில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மேட்டுப்பாத்தி கட்டிச் சரளை கலந்து நடுவது நல்லது, இல்லாவிட்டால் வறட்சியைத் தாங்கும் புல் ஈரத்தில் அழுகிவிடும். நிழலில் நட்டால் சிவப்பு மங்கிப் பச்சை தட்டும். யூரியா போட்டால் தண்டு தளர்ந்து சாய்ந்துவிடும். கோலம் குலைந்ததும் ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துவிட்டால் புதிதாகத் துளிர்க்கும், தூரின் நடுப்பகுதி காய்ந்து குழிவிழுந்தால் தோண்டிப் பிரித்து நட வேண்டும்.

இதன் பச்சை நிற இனத்தை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வட ஆப்பிரிக்கா உள்ளிட்ட வறண்ட நாடுகளைச் சேர்ந்த அது, அழகுக்காகக் கொண்டு செல்லப்பட்ட ஹவாய்த் தீவில் விதையால் பரவி, காய்ந்த நிலங்களில் தீ எளிதாகப் பிடிக்க வழி செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதை ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பஞ்சு போன்ற அந்த விதை, ஓயாமல் காற்றடிக்கும் இந்தக் கணவாயில் எந்த வேலிக்குள் அடங்கும்? சிவப்பு வகையில் முளைக்கும் விதை உருவாவது மிக அரிது என்பதால், தூர் பிரித்தே அதைப் பெருக்குகிறார்கள். எனவே சிவப்புப் புல்லின் படம் போட்ட விதைப் பொட்டலத்தை நம்பாமல், நர்சரியில் தூர் பிரித்த கன்றாகவே கேட்டு வாங்குங்கள்.