ஐந்தாம் வகுப்பில் இந்த வாரம்

சுற்றளவு, பரப்பளவு நடத்தும் வாரம். சூத்திரத்தை முதலிலேயே பலகையில் எழுதிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 12 மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து, பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். மூலைக்கு ஒருவர் பிடித்து நின்றார்கள். 5க்கு 1 என்று செவ்வகம் போட்டால் பரப்பு 5 சதுர மீட்டர். 4க்கு 2 என்றால் 8. 3க்கு 3 சதுரமாக நின்றால் 9.

"கயிறு அதேதானே டீச்சர், இடம் மட்டும் எப்படிக் கூடுது?" என்று ஒருவன் விடவே இல்லை.

அப்புறம் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். அதில் ஏறக்குறைய 11.5 வரும். வட்டத்துக்கான கணக்கு இன்னும் படிக்காததால், கோலமாவில் மீட்டர் கட்டங்கள் போட்டு எண்ணினோம். ஓரத்தில் வெட்டுப்பட்ட கட்டங்களை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பெரிய சண்டை! (அந்தச் சண்டைதான் பாடமே.)

அறிவியலுக்குப் பாசிப்பயறு. அலமாரிக்குள் வைத்த டம்ளரில் முளை நெட்டையாக, வெளிறிய மஞ்சளாக நிற்கிறது. ஜன்னலோரத்தில் குட்டையாகப் பச்சை. "இருட்டுலதான் நல்லா வளருது" என்று பாதி வகுப்பு தீர்ப்பே சொல்லிவிட்டது. வெளிச்சம் தேடி, விதையில் இருந்த சேமிப்பையெல்லாம் நீளத்துக்கே செலவழிக்கிறது என்று நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அது துவளும்போது அவர்களே கேட்பார்கள்.

அதுவரை யாரும் டம்ளரைக் கழுவி வைக்காமல் இருந்தால் சரி.