பழைய சி.டி.யில் செல் வளர்த்துப் பார்த்தது: டர்பன் ஆய்வகக் குறிப்புகள்

வரி போட்ட தளத்தில் விட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல் வரியின் திசையில் நீண்டு, அதே திசையில் நகரும். கரும்புக் கொல்லையில் சால் வழியே நடப்பது போலத்தான். குறுக்கேயும் போகலாம், ஆனால் கால் தடுக்கும். டர்பன் சுற்றியுள்ள நேட்டால் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1940களில் உயிரியலாளர் பால் வைஸ் இதை 'கான்டாக்ட் கைடன்ஸ்' (தொடும் தளமே வழிகாட்டுவது) என்றார்.

இதைச் சோதிக்கத் தூய அறையும் சிலிக்கான் அச்சும் வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். எழுதப்படாத சி.டி.-ஆர் ஒன்றையே அச்சாக வைத்து, அதன் பள்ளங்களை ரப்பரில் பிரதி எடுத்தால் போதும். அதன் பள்ளங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர், டி.வி.டி.யில் 0.74. லேபிள் பக்கத்தைப் பிளேடால் கீறி, பேக்கிங் டேப்பை ஒட்டி இழுத்தால் உலோகப் படலம் உரிந்துவிடும். மிஞ்சும் சாயத்தை எத்தனாலில் கழுவுங்கள். அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட் வெளுத்து வெடித்து, அச்சே போய்விடும்.

இந்த அச்சின் மேல் பி.டி.எம்.எஸ். (ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர்) ஊற்ற, சில்கார்ட் 184 என்ற கலவையின் அடிப்பொருள் 22 கிராம், கடினமாக்கி 2.2 கிராம். டிஸ்க்கைச் சுற்றி அலுமினியத் தாளால் கரை கட்டி ஊற்றினால் சுமார் 2 மி.மீ. கனம் வரும். குமிழி அடங்கும்வரை வெற்றிடத்தில் வைத்து, 65 டிகிரியில் 4 மணி நேரம். லேடெக்ஸ் கையுறையோடு இந்த வேலையைத் தொடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்து, ஓரமெல்லாம் பிசுபிசுவென்று நிற்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

உரித்தெடுத்த பிரதி சரிதானா என்று பார்க்க, 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சுட்டியை நேராக அதன் வழியே சுவரில் அடிக்கலாம். ஒரு மீட்டர் தள்ளியுள்ள சுவரில், நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 44 செ.மீ.யில் பக்கப்புள்ளி விழுந்தால் பள்ளம் இறங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் பள்ளம் என்பதுதான் அடுத்த தலைவலி, ஏனென்றால் வானவில் இரு பக்கமும் தெரியும். ஒரு சொட்டு எத்தனால் விடுங்கள். வானவில் மங்கும் பக்கமே பள்ளப் பக்கம். இதைச் செய்யாமல் துண்டைக் கவிழ்த்துப் போட்டு, 'செல் வரிசையாகவே நிற்கவில்லை' என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு.

துண்டுகளை டிஸ்க்கின் வெளிவிளிம்புப் பக்கம் 8 மி.மீ. வட்டத் துளைவெட்டியால் வெட்டுங்கள். சி.டி.யின் தடம் வளைந்தது. 55 மி.மீ. ஆரத்தில் 8 மி.மீ. துண்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திசை 8 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும்; உள்ளே 25 மி.மீ. ஆரத்தில் 18 டிகிரி. பள்ளத்திலிருந்து 10 டிகிரிக்குள் இருந்தால் 'வரிசையில் உள்ள செல்' என்று எண்ணும்போது இது கணக்கையே கவிழ்க்கும். அதனால் ஒவ்வொரு படத்திலும் பள்ளத்தின் திசையை அந்தப் படத்திலேயே அளக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு வழவழப்பான துண்டை அதே டிஸ்க்கின் நடுத்துளையைச் சுற்றியுள்ள பள்ளமற்ற வளையத்திலிருந்து எடுத்தால், கலவையும் சூடும் ஒன்றாகவே இருக்கும். வேறு நாள் ஊற்றிய தட்டைத் துண்டோடு ஒப்பிட்டவர் முடிவை நான் ஏற்கமாட்டேன்.

வெறும் பி.டி.எம்.எஸ். தண்ணீரை ஒட்டவிடாது. 30 வினாடி ஆக்ஸிஜன் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) கொடுத்து, உடனே தண்ணீருக்குள் போடுங்கள். வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் பழைய குணம் திரும்பும். நேரத்தைக் கூட்டினாலும் நஷ்டம்தான், மேற்பரப்பு விரிசல் விட்டு நீங்கள் போடாத வரிகள் வரும். பிறகு 70% எத்தனாலில் 30 நிமிடம், மூன்று முறை உப்புக்கரைசல் கழுவல், செல் ஒட்டிக்கொள்ள உதவும் புரதமான ஃபைப்ரோனெக்டினில் (மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம்) 37 டிகிரியில் ஒரு மணி நேரம். எத்தனாலிலிருந்து எடுத்ததும் காயவிடாதீர்கள். காய்ந்தால் பள்ளத்தில் காற்று சிக்கும், செல் மேட்டின் முகட்டில் மட்டும் உட்காரும். மீடியத்துக்குள்ளும் (செல் வளர்ப்புத் திரவம்) வானவில் பளிச்சென்று தெரிந்தால் காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள்.

24 குழித் தட்டில் சதுர செ.மீ.க்கு 5,000 செல், அதாவது குழிக்குச் சுமார் 9,500. கூட்டினால் செல்கள் ஒன்றையொன்று தள்ளி வரிசையாகும். அது பள்ளத்தின் வேலையா கூட்டத்தின் வேலையா என்று பிரிக்க முடியாது. துண்டு மிதக்காமலிருக்க, முன்பே ஒரு பொட்டு கடினமாகாத பி.டி.எம்.எஸ். வைத்து அடியில் ஒட்டிச் சூட்டில் இறுக்கிவிடுங்கள்.

24 மணி நேரத்தில் 4% பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, செல்லின் உள் இழைகளைக் காட்டும் ஃபலாய்டின் சாயமிட்டு, குழிக்கு 100 செல்லாவது அளக்கலாம். திசையே இல்லாத கூட்டத்தில்கூட 11% செல் தற்செயலாக அந்த 10 டிகிரிக்குள் வரும், ஆகவே 15% வந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். சி.டி. பள்ளத்தின் ஆழம் மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அகலத்தைவிட ஆழமே செல்லைக் கட்டிப்போடுகிறது என்பதால், விளைவு அரைகுறையாகத் தெரிவது இயல்பு.

நகர்வைப் பார்க்க 10 நிமிடத்துக்கு ஒரு படம், 12 மணி நேரம். இங்கே பெரும்பாலோர் சறுக்குவது கணக்கில்: தொடங்கிய இடத்திலிருந்து போய்ச் சேர்ந்த தூரம் கூடினால் வேகம் கூடியதென்று எழுதிவிடுகிறார்கள். செல் அதே வேகத்தில் நேராக நடந்தாலும் அந்தத் தூரம் கூடும். மொத்தப் பாதை நீளத்தையும் தனியே கொடுங்கள்.

லோட் ஷெடிங் காலத்தில் இந்த 12 மணி நேரம் கிடைப்பதே பாடு. இன்குபேட்டருக்கு யு.பி.எஸ். இல்லையென்றால் மீடியத்தில் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பெஸ் 25 மில்லிமோலார் சேர்த்து, மின்சாரம் போனதும் கதவைத் திறக்காமல் விடுங்கள். மைக்ராஸ்கோப் மேடை குளிர்ந்து சூடாகும்போது குவியம் நகரும். அந்தப் படங்களைத் தடமறிதலில் சேர்க்காதீர்கள்.

இந்த முடிவை அப்படியே எலும்புக்குக் கொண்டுபோகக் கூடாது. தாடையில் பொருத்தும் டைட்டானியச் செயற்கைப் பல்வேரில் எலும்பு நன்றாகப் பிடிப்பது சுமார் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் சராசரிச் சொரசொரப்பில். அங்கே ரத்தப் புரதமும் மேக்ரோஃபேஜும் (அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) முதலில் வந்து உட்கார்ந்துவிடும், எலும்புச் செல் அதற்குப் பிறகுதான். தட்டில் ஃபைப்ரோனெக்டின் தடவியது நாம். உடலுக்குள் எதைத் தடவுவதென்று ரத்தமே முடிவு செய்கிறது.