பால் ஸ்க்ரூவில் ஆட்டம்: தேடி, துடைத்து, நேர்படுத்திய அனுபவம்

என்னிடம் இருப்பது மரப்பலகை வெட்டும், கணினி இயக்கும் சிறிய சிஎன்சி ரவுட்டர். மூன்று அச்சிலும் பால் ஸ்க்ரூதான், அதாவது காடிக்கும் (மரைப் பள்ளம்) நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளும் திருகு; அது சுற்றும்போது நட் நீளவாக்கில் நகரும். எக்ஸ் அச்சில் இருப்பது 1605 வகை: 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. கொஞ்ச நாளாக எந்த வட்டத்தை வெட்டினாலும் அதன் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு படி விழுந்தது. மேலும் கீழும் வழவழப்பாகவே இருந்தது. இடமும் வலமும்தான் எக்ஸ் அச்சு திசை திரும்பும் இடங்கள். ஆக, ஆட்டம் (திசை திரும்பும்போது வீணாகும் இடைவெளி) எக்ஸில்தான் என்று தெரிந்துவிட்டது.

வெட்டும் பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டிலைத் தாங்கும் தட்டில், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை முட்டவைத்தேன். ஒரே திசையில் சில மி.மீ. ஓட்டி, அங்கே முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, அதே திசையில் இன்னும் 1 மி.மீ. ஓட்டி, பிறகு 1 மி.மீ. திருப்பினேன். முள் பூஜ்யம் வரைக்கும் வராமல் 0.08 மி.மீ. முன்னாலேயே நின்றது.

இந்த இடத்தில் பலரும் "நட் தேய்ந்துவிட்டது" என்று முடிவுகட்டிப் புது ஸ்க்ரூ வாங்கிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஆட்டம் நட்டுக்குள் இருக்கலாம், ஸ்க்ரூவை நீளவாக்கில் நகராமல் பிடித்திருக்கும் நிலை முனையில் உள்ள பேரிங்கில் இருக்கலாம், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கில் இருக்கலாம், நட்டைத் தட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டிலும் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஸ்க்ரூவின் முனையில் லேத் சென்டருக்காகப் போட்ட சின்னத் துளை இருக்கும். அதில் ஒரு பேரிங் குண்டைக் கிரீஸ் வைத்து ஒட்டி, குண்டின் மேல் கேஜ் முனையை நிறுத்தி, அச்சை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஸ்க்ரூ சுற்றலாம், நீளவாக்கில் நகரக் கூடாது. என்னுடையது 0.05 மி.மீ. நகர்ந்தது. மொத்த ஆட்டத்தில் பாதிக்கு மேல் நட்டுக்குச் சம்பந்தமே இல்லாதது!

நிலை முனைத் தாங்கியில் நீளவாக்குச் சுமையையும் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் ஜோடியாக இருக்கிறது. அந்த ஜோடியை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டின் கிரப் ஸ்க்ரூ (அதைப் பூட்டும் சின்னத் திருகு) தளர்ந்து, லாக் நட்டும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. கையால் சுற்றும்போது லேசான பிடிப்பு தெரியும் வரை இறுக்கி, கிரப் ஸ்க்ரூவை மறுபடி பூட்டினேன். அளவுக்கு மேல் இறுக்கினால் பேரிங் சூடாகித் தானே கெடும். இப்போது மொத்த ஆட்டம் 0.03 மி.மீ. அது நட்டுடையது. ப்ரீலோடு (முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) இல்லாத நட்டில் இவ்வளவு இருப்பது இயல்பே.

பிரச்சினை பாதி தீர்ந்தாலும் ஸ்க்ரூவை இறக்கிப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. நட்டின் இரு முனையிலும் உள்ள வைப்பர் (தூசியைத் தடுக்கும் வளையம்) ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பசை போல ஒன்று திரண்டிருந்தது. கிரீஸோடு எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தூள் கலந்த கலவை. இது நட்டுக்குள் போனால் மெருகூட்டும் பேஸ்ட் செய்கிற வேலையைத்தான் செய்யும். நட்டுக்குள் குண்டுகள் காடியில் உருண்டு, திரும்பும் குழாய் வழியாக மறுபடி தொடக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே போன தூளும் அவற்றோடு சுற்றிச் சுற்றி வரும், தானாக வெளியேறாது.

ஸ்க்ரூவை நட்டோடு சேர்த்தே கழற்றினேன். நட்டை ஸ்க்ரூவிலிருந்து உருவவில்லை. உருவித்தான் ஆக வேண்டுமென்றால், காடியின் அடி விட்டத்தைவிடக் கொஞ்சமே குறைந்த வெளிவிட்டம் கொண்ட குழாயை ஸ்க்ரூ முனையோடு ஒட்டவைத்து, நட்டைச் சுற்றியபடி அதன் மேல் ஏற்ற வேண்டும். குழாய் இல்லாமல் உருவினால் குண்டுகள் கொட்டிவிடும். குண்டு மாற்றும் தேவை இல்லாத வரை நட்டைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

வைப்பர்களை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்க்ரூவைச் செங்குத்தாக நிறுத்தி, நட்டின் எண்ணெய்த் துளை வழியாக மண்ணெண்ணெயை ஊசிக்குழலால் செலுத்திக்கொண்டே நட்டை மேலும் கீழும் சுற்றினேன். முதலில் காப்பி நிறத்தில் வந்தது, போகப்போகத் தெளிந்தது. தெளிந்த பிறகும் விடாமல் இன்னும் கொஞ்சம் செலுத்தினேன். காடியை நூல் உதிராத துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டேன். தண்ணீர் பக்கமே போகக் கூடாது. இந்தக் கடினப்படுத்திய எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஒரு துருப்புள்ளி போதும், அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும்.

பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் காடி முழுவதையும் பார்த்தேன். காடியின் இரு சரிவிலும் மெல்லிய பளபளப்பான கோடு இருந்தால் கவலை இல்லை, அது குண்டு ஓடிய தடம். பள்ளமோ, செதில் செதிலாக உரிந்த இடமோ தெரிந்தால் அந்த ஸ்க்ரூவின் ஆயுள் முடிந்தது, எந்தக் கிரீஸும் அதைக் காப்பாற்றாது. என்னுடையதில் உரிசல் எதுவும் இல்லை. நடுப்பகுதியில் மட்டும் பளபளப்பு அதிகம், பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கிறது. குறுகிய தூரத்திலேயே முன்னும் பின்னும் ஓடும் இயந்திரத்தில் கிரீஸ் ஒதுங்கி, குண்டு தொடும் இடம் வறண்டுபோகும். அதனால் இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன் அச்சை ஒருமுறை முழு நீளத்துக்கும் மெதுவாக ஓட்டிவிடுகிறேன்.

கிரீஸ்: லித்தியம் சோப்பு அடிப்படையிலான 2-ஆம் எண் கிரீஸ். கிராஃபைட், மாலிப்டினம் கலந்தது வேண்டாம். அந்தத் திடத்துகள்கள் நட்டுக்குள் படிந்து குண்டு உருளுவதைத் தடுக்கும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாதபோது அதன் மேலேயே புதியதை ஏற்றவும் கூடாது. சில சோப்பு வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஒழுகிவிடும். உள்ளே முழுதாகக் கழுவியதற்கு இதுவும் ஒரு காரணம். நட்டை மெதுவாகச் சுற்றியபடி துளை வழியாக ஏற்றினேன், ஓரத்தில் மெல்லிய வளையம் தெரிந்ததும் நிறுத்தினேன். உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், நிறைய அடைத்தால் வேகத்தில் சூடேறும். வெளியே ஸ்க்ரூ மேல் வழிந்ததைத் துடைத்து, படலம் மட்டும் விட்டேன். மரத்தூள் பறக்கும் இடத்தில் வெளியே தெரியும் கிரீஸ் தூளை அழைத்துக்கொண்டு வரும்.

இனி நேர்படுத்தும் வேலை. நேரம் அதிகம் பிடித்தது இதற்குத்தான், பலனும் இதில்தான் அதிகம் என்று நம்புகிறேன். பால் நட் தாங்க வேண்டியது நீளவாக்குச் சுமையை மட்டும். அப்போது சுமை எல்லாக் குண்டுகளுக்கும் பரவும். ஸ்க்ரூ, தட்டு ஓடும் ரெயிலுக்கு இணையாக இல்லாவிட்டால் நட்டுக்குப் பக்கவாட்டில் தள்ளு விழும், சில குண்டுகள் மட்டும் அதைச் சுமக்கும். ஆயுள் கணக்கு இப்படி: தாங்குதிறனைச் சுமையால் வகுத்து, அதை மும்மடியாக்கி, 10 லட்சம் சுற்றால் பெருக்க வேண்டும். சுமை பாதியானால் ஆயுள் 8 மடங்கு. சுமை 26 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதி. கண்ணுக்குத் தெரியாத கோணல் எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள்.

டயல் கேஜைத் தட்டில் பொருத்தி, முனையை ஸ்க்ரூவின் மேற்புறத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டினேன். காடியில் விழாமல் இருக்கத் தட்டை முனை. நிலை முனைக்கு எதிரே உள்ள மிதவை முனை 0.2 மி.மீ. தாழ்ந்திருந்தது. அந்தத் தாங்கியின் அடியில் 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து, பக்கவாட்டிலும் அதே போலப் பார்த்துச் சரிசெய்தேன். நட்டைப் பிடிக்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவைத்து, தட்டை நிலை முனைக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் அங்கே இறுக்கினேன். ஸ்க்ரூ வளைந்து கொடுக்க முடியாத இடம் அதுதான், அங்கே நட் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கப்ளிங்கைக் கழற்றிக் கையால் சுற்றியபோது இரு ஓரத்திலும் நடுவிலும் ஒரே பிடிப்பு. முன்பு ஓரங்களில் கனத்தது.

மிதவை முனை பேரிங் நீளவாக்கில் நகரும்படி விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எஃகு 1 மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.012 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் பூட்டிவிட்டால் அந்த நீட்சி முழுவதும் பேரிங் மேல் விழும்.

தூளுக்கு: தட்டின் இருபுறமும் ஸ்க்ரூவைத் தொட்டபடி ஒரு பிரஷ் கட்டினேன், மேலே மடிப்புத் துருத்தி உறை. சுத்தம் செய்ய வாக்குவம் மட்டும். காற்றுப் பிஸ்டலால் ஊதினால் வைப்பரைத் தாண்டித் தூள் உள்ளே போகும்.

மிச்சமிருக்கும் 0.03 மி.மீ. ஆட்டத்தைப் போக்க வழி உண்டு. 3.175 மி.மீ. குண்டுகளுக்குப் பதிலாக மைக்ரான் கணக்கில் சற்றே பெரிய குண்டுகளை ஒரே தொகுதியிலிருந்து எடுத்துப் போட்டால் நட்டில் ப்ரீலோடு வந்துவிடும். அதோடு உராய்வும் வெப்பமும் கூடும். மர வேலைக்கு இந்த ஆட்டம் பொருட்டில்லை, அதனால் விட்டுவிட்டேன். வட்டத்தின் படி இப்போது நகத்தில் தட்டுப்படவில்லை.

அடுத்தது இசட் அச்சு. அங்கே ஒரு எச்சரிக்கை முதலில்: பால் ஸ்க்ரூவின் திறன் 90 சதவீதம் அளவுக்கு இருப்பதால், சாதாரண மரை ஸ்க்ரூ போல அது தானாகப் பூட்டிக்கொள்ளாது. மோட்டார் மின்சாரத்தை நிறுத்தினால், கப்ளிங்கைக் கழற்றினால், ஸ்பிண்டில் தன் கனத்தாலேயே இறங்கிவிடும். அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்கப்போகிறேன். அதன் லாக் நட்டையும் முதலில் பார்க்க வேண்டும்.